அரிசி மில் இயந்திரங்கள்: டெல்டா மில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து அரிசி மில்களில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் நான். மில் முதலாளிகள், மெஷின் ஓட்டுகிறவர்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் புதிதாக வந்த தம்பிகள் என்று எல்லாரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் சொல்கிற பதிலை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன். எங்கே சத்தம் வருகிறதோ அங்கேதான் கோளாறு என்று நினைத்துப் பாகத்தை வாங்கி மாட்டுகிறவர்கள்தான் அதிகம். கோளாறு பெரும்பாலும் அதற்கு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

மில்லை நிறுத்தி முழுசாக வேலை பார்க்க எந்த மாதம் சரி?

வைகாசி. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகி, வாங்கிப் போட்ட நெல் சித்திரை வரை ஓடும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால் குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் வந்து இறங்கும். நடுவில் கிடைக்கிற நாட்களில் வைண்டிங் கடையிலும் லேத்துப் பட்டறையிலும் கூட்டம் இருக்காது, வேலையும் பதமாக நடக்கும். அணை முன்கூட்டியே திறக்கிற வருஷமும் உண்டு, 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். அதனால் ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நிறைய மில்களில் மெஷின்மேல் துணி படுவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். அது சரியாகக் குறுவை நெல் லாரி லாரியாக வருகிற நேரம். பூஜை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சந்தனத்தைக் கொண்டுபோய் கிரீஸ் நிப்பிள் மேலேயே அப்புகிறார்கள். அடுத்த தடவை கிரீஸ் கன்னை வைத்து அமுக்கும்போது காய்ந்த சந்தனமும் சேர்ந்து பேரிங்குக்குள் போகிறது. ஒரு பிளம்மர் பிளாக்கை, அதாவது பேரிங் உட்காருகிற கூட்டை, பிரித்தபோது உள்ளே கிரீஸ் மஞ்சளாக, நல்ல வாசனையோடு இருந்தது. பொட்டு மோட்டார் பாடியில் வைத்தால் போதும், சாமி கோவிச்சுக்காது.

அரிசி நொறுங்குகிறது, நொய் அதிகமாக விழுகிறது. அரிசி தீட்டுகிற பாலிஷர் கல்லை மாற்றிவிடலாமா?

இருங்கள். கல் விலை கொஞ்சமா? முதலில் மூன்று இடத்தில் ஒவ்வொரு கைப்பிடி எடுங்கள். களத்திலிருந்தோ டிரையரிலிருந்தோ வருகிற நெல் ஒன்று, ஷெல்லரை விட்டு வெளியே வருகிற உமி நீங்கிய அரிசி ஒன்று, பாலிஷரை விட்டு வருவது ஒன்று. நெல்லில் நூறு மணியை எண்ணிக் கையாலேயே உமியை உரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மணியின் குறுக்கே மயிர்போல் கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அந்த மணி எந்த மெஷினுக்குள் போனாலும் இரண்டாகத்தான் வரும். வெடிப்பு நிறைய இருந்தால் குற்றம் மில்லில் இல்லை, நெல்லைக் காய வைத்ததில்.

புழுங்கல் நெல்லை ஒரே மூச்சில் 14 சதவீத ஈரத்துக்குக் காய வைக்கிறார்கள். 16 முதல் 18 சதவீதம் வந்ததும் குவித்து வைத்துச் சில மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் மிச்ச ஈரத்தை எடுக்க வேண்டும். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்போது அவசரப்படுத்தினால் மணி பிளக்கும். பச்சரிசிக்கு வேறு தொல்லை. பகலில் நன்றாகக் காய்ந்த நெல்லை ராத்திரி மூடாமல் விட்டால் மார்கழி, தைப் பனி இறங்கி மறுபடி ஈரமாகி அதிலேயே கோடு விழும்.

நெல் நன்றாக இருக்கிறது, ஷெல்லரை விட்டு வரும்போதே அரிசி உடைந்திருக்கிறது என்றால் பாலிஷரைத் தொடவே வேண்டாம். மன்னார்குடி பக்கம் ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். நான் போவதற்குள் பாலிஷர் கல்லும் சல்லடையும் மாற்றியாகிவிட்டது, நொய் குறையவில்லை. ஷெல்லர் மூடியைத் திறந்தேன். ரப்பர் ரோல் இரண்டும் உடுக்கை மாதிரி நடுவில் குழிந்து, ஓரம் மட்டும் உயர்ந்திருந்தது. நடுவில் உமி உரியவில்லை என்று ஓட்டுகிறவர் ரோலை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார், அதனால் ஓரத்தில் விழுந்த நெல் நசுங்கியிருக்கிறது. சரி, ஏன் நடுவில் மட்டும் குழிய வேண்டும்? மேலே நெல் விழுகிற வாயில் இரண்டு ஓரத்திலும் வைக்கோல் அடைத்துக்கொண்டு நடுவில் மட்டும் நெல் கொட்டியிருக்கிறது. ஷெல்லர் வரைக்கும் வைக்கோல் எப்படி வந்தது? கீழே போய்ப் பார்த்தால், நெல்லை முதலில் சலிக்கிற ப்ரீகிளீனர் சல்லடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். அதைச் சாக்குத் துணி வைத்துக் கட்டியிருந்தார்கள். சாக்கு அவிழ்ந்து எத்தனை நாளாயிற்றோ!

அறுவடை மெஷின் வந்த பிறகு நெல்லோடு தாள் துண்டு, பச்சை இலை வருவது கூடியிருக்கிறது. கையறுப்பு நெல் காலத்தில் ஒரு சல்லடை தாங்கியதெல்லாம் இப்போது தாங்காது. ப்ரீகிளீனரைத் தினமும் திறந்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டியிருக்கிற ஆணி, கம்பித் துண்டையும் அப்போதே வழித்துவிடுங்கள். காந்தம் நிறைந்துவிட்டால் அடுத்த ஆணி நேராக ரோலுக்குத்தான் போகும்.

ரப்பர் ரோல் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. ரோல் மட்டமா?

சில சமயம் மட்டம்தான். ஆனால் அதற்கு முன்னால் ரோல் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். இரண்டு ரோலும் ஒரே வேகத்தில் சுற்றினால் நெல் நசுங்கிக் கீழே விழும், உமி உரியாது. ஒரு ரோல் மற்றதைவிட ஏறக்குறைய கால் பங்கு வேகமாகச் சுற்றுகிறது. அந்த வித்தியாசத்தில்தான் உமி இழுபட்டு உரிகிறது. வேகமாகச் சுற்றுகிற ரோல்தான் அதிகம் தேயும். அது சின்னதாக ஆக ஆக வேக வித்தியாசம் குறையும், உரிவது குறையும், ஓட்டுகிறவர் கைச்சக்கரத்தை இறுக்குவார், ரோல் சூடேறும், இன்னும் வேகமாகத் தேயும். இதற்கு மருந்து செலவில்லாதது. இரண்டு ரோலின் விட்டமும் விலகத் தொடங்கும்போது கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள். வேக ரோல் மந்த இடத்துக்கும், மந்த ரோல் வேக இடத்துக்கும். ஒரு கேலிப்பர் வாங்கி மில்லிலேயே வைத்திருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், நூற்றுக்கு நூறு நெல்லும் ஒரே ஓட்டத்தில் உரிய வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். 85 முதல் 90 உரிந்தால் போதும். மிச்சத்தை நெல் பிரிக்கிற செப்பரேட்டர் திருப்பி அனுப்பும், அதற்குத்தானே அதை வாங்கிப் போட்டது.

புது ரோலைப் பாய்லர் ரூம் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிற மில்லை நிறையப் பார்த்திருக்கிறேன். ரப்பருக்குச் சூடும் வெயிலும் ஆகாது. இறுகிப்போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இருட்டான, குளிர்ந்த அறையில் வையுங்கள், பழையதை முதலில் எடுங்கள்.

பேரிங் அடிக்கடி போகிறது. எந்தக் கம்பெனி பேரிங் போடலாம்?

கம்பெனியைக் கடைசியில் பேசலாம். போன பேரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதுதான் சாட்சி. மண்ணெண்ணெயில் கழுவி, வெளி வளையத்தை உடைத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

குண்டு ஓடுகிற பாதையில், குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக, வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தால், மாட்டும்போது யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். பாதை நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது, இல்லை அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பாதை முழுக்க மங்கிச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. தூசியென்றால் சாதாரணத் தூசி இல்லை. உமியில் இருக்கிற சிலிகா உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தின்னும். தேய்மானம் பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்வாக இருந்தால் ஷாஃப்ட் நேராக இல்லை, அல்லது பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மாட்டுகிற முறைக்கு வருவோம். ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறுகிற பேரிங்கை உள் வளையத்தில் மட்டும்தான் தள்ள வேண்டும். உள் வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டு வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் போடும். மாட்டிய அன்றே பேரிங்குக்குச் சாவு தேதி குறித்த மாதிரி. இறுக்கம் அதிகமாக இருந்தால் எண்ணெயில் போட்டுச் சூடாக்கலாம், 120 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சீல் வைத்த பேரிங்கை மட்டும் எண்ணெயில் போடாதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸ் கரைந்து போகும். கேஸ் கட்டரால் தீ காட்டுகிற வேலை எதற்குமே வேண்டாம்.

ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் லொடலொடவென்று இருந்தால், ஷாஃப்ட்டைச் சுற்றி சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கி மாட்டுகிற வழக்கம் நம் பக்கம் ரொம்ப உண்டு. ராத்திரியை ஓட்டுவதற்கு நானும் செய்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் லேத்துக்குக் கொண்டுபோய் வெல்டு ஏற்றிக் கடைந்துவிட வேண்டும்.

கடையில் நம்பர் தெரியாமல் நிற்கிற தம்பிகளுக்கு: பேரிங் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6205 என்றால் 25, 6308 என்றால் 40, யூசிபி 208 என்றாலும் 40. இது 04இலிருந்துதான் பொருந்தும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17 என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். உமித்தூசி பறக்கிற இடத்தில் இரும்புத் தகடு மூடி போட்டதைவிட ரப்பர் சீல் வைத்தது நல்லது.

கிரீஸ் எவ்வளவு அடிக்க வேண்டும்?

நீங்கள் அடிப்பதைவிடக் குறைவாக. பிளம்மர் பிளாக்குக்குள் இருக்கிற காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கிரீஸ் இருக்க வேண்டும். வழிய வழிய அடித்தால் கிரீஸைக் கடைந்துகொண்டே குண்டு ஓடும், அந்தக் கடைசலிலேயே சூடேறும். "கிரீஸ் அடித்த பிறகுதான் சூடாகிறது அண்ணே" என்று போன் வந்தால் எனக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

அடிப்பதற்கு முன் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். கிரீஸைக் கெட்டியாக்கச் சேர்க்கிற சோப்பு வேறு வேறாக இருந்தால் அந்தக் கிரீஸ்களைக் கலக்காதீர்கள், சில ஜோடிகள் கலந்தால் தண்ணீராகி ஓடிவிடும். சூட்டைப் பார்க்கக் கையே போதும். புறங்கையை வைத்துச் சில நொடி தாங்க முடிந்தால் 60 டிகிரிக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வைத்த மாத்திரத்தில் எடுக்க வைத்தால் நிறுத்திப் பாருங்கள். கையை வைப்பது பேரிங் வீட்டின்மேல்தான், ஷாஃப்ட் பக்கம் வேண்டாம்.

நான்கு வி பெல்ட்டில் ஒன்று அறுந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. பழைய மூன்றும் நீண்டிருக்கும், புதியது குட்டையாக இருக்கும், எல்லா இழுவையும் அதன் தலையில் விழும். பத்து நாளில் அதுவும் அறும். நான்கையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். அறுபடாத மூன்றை எறிய மனமில்லாவிட்டால் சின்ன மோட்டார் எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம் பார்க்க: இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை அழுத்தினால் ஒரு மீட்டர் தூரத்துக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் தாழ வேண்டும். புது பெல்ட் ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் நீளும், மறுபடி ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். வழுக்குகிறது என்று பிசின் பொடி தூவுவது தட்டை பெல்ட் காலத்துப் பழக்கம். வி பெல்ட் வழுக்கினால் புல்லியின் காடி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டின் அடிப்பாகம் காடியின் தரையைத் தொட்டு, அந்தத் தரை பளபளவென்று மின்னினால் புல்லி போய்விட்டது.

மோட்டார் எரிந்து வைண்டிங் கட்டினோம். மூன்றே மாதத்தில் மறுபடி எரிந்துவிட்டது. வைண்டிங் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவரைத் திட்டுவதற்கு முன் எரிந்த காயிலைப் பார்த்தீர்களா? மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். சுற்றிலும் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்று போகாமல் வெந்திருக்கிறது. சில காயில் கூட்டம் கரியாகவும், இடையில் இருப்பவை புதுத் தேன் நிறத்திலும் வட்டமாக மாறி மாறி இருந்தால் அது ஒரு ஃபேஸ் போய் ஓடியதால் வந்தது. ஸ்டார், டெல்டா என்பது மோட்டார் காயில்களை இணைக்கிற இரண்டு விதம். ஸ்டாரில் ஓடிய மோட்டாரில் மூன்றில் இரண்டு ஃபேஸ் காயில் கருகும், டெல்டாவில் ஒன்று. பார்த்தவுடன் தெரிந்துவிடும். கடைக்காரர் அதைச் சொல்லாமலே கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார் என்றால் அந்த ஒரு குற்றம் அவருடையதுதான்.

ஒரு ஃபேஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் நிற்காது. மிச்சம் இரண்டு ஒயரில் கரண்ட் 1.7 மடங்கு ஏறிக்கொண்டு முனகிக்கொண்டே ஓடும். அந்த முனகலை மில் சத்தத்தில் யார் கேட்கிறார்கள்? அதற்குத்தான், ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். எங்கே ஃபேஸ் போகிறது? டிரான்ஸ்ஃபார்மரில் போவது பாதி. மீதிப் பாதி உங்கள் மில்லுக்குள்ளேயே: ஃப்யூஸ் கேரியர் தளர்ந்தது, காண்டாக்டர் முனை கருகியது, மோட்டார் டெர்மினலில் அலுமினிய ஒயரை லக் (ஒயர் முனையில் மாட்டுகிற உலோகக் காது) இல்லாமல் முறுக்கிவிட்டது. மூடியைத் திறந்தால் பழுப்பேறிய ஒயரே காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது, ஓவர்லோடு ஆனால் மோட்டாரை நிறுத்துகிற ரிலே. 20 எச்பி மோட்டாருக்கு முழு லோடில் சுமார் 28 ஆம்பியர். அதற்காக ரிலேயை 28இல் வைத்துவிடுகிறார்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மெயின் ஒயரில் இருக்காது, டெல்டா வளையத்துக்குள் இருக்கும். அங்கே ஓடுவது 0.58 மடங்குதான். ஆகவே 16க்கு வைக்க வேண்டும். 28இல் வைத்த ரிலே அந்த மோட்டாருக்குக் காவல்காரன் இல்லை, வேடிக்கை பார்க்கிறவன். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலே பொத்தானில் தீக்குச்சி செருகி வைத்திருந்த ஸ்டார்ட்டரையும் பார்த்தேன். தீக்குச்சி அப்படியே இருந்தது, மோட்டார்தான் எரிந்திருந்தது.

வோல்டேஜையும் கவனியுங்கள். வயலில் பம்புசெட்டெல்லாம் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் லைன் தாழும். வோல்டேஜ் தாழ்ந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸும் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். வோல்டேஜில் ஒரு சதவீத வித்தியாசம் ஆம்பியரில் ஆறு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும். அந்த நேரத்தில் நெல் ஓட்டத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

வைண்டிங் கடையில் கேட்க வேண்டியது இரண்டு. பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை அப்படியே உமித்தீயில் போட்டு எரிக்கிறார்களா? அதிகத் தீயில் தகடுகளின் நடுவே இருக்கிற மேல்பூச்சு போய், மோட்டார் லோடு இல்லாமலேயே சூடேறும். வார்னிஷ் ஊற்றிய பிறகு அடுப்பில் வைத்துக் காய வைக்கிறார்களா, வெயிலில் வைத்து மாலையே கொடுத்துவிடுகிறார்களா? அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். ஒரு நாள் கூடக் கொடுங்கள்.

ஜெனரேட்டர் போட்டால், நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டர் பின்பக்கமாகச் சுற்றுகிறது.

ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது. ஜெனரேட்டர் பக்கத்தில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள், மோட்டாரில் மாற்றாதீர்கள். ஃபேன் பின்னால் சுற்றினாலும் கொஞ்சம் காற்று வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. "நேற்றிலிருந்து உமி சரியாகப் பிரியவில்லை" என்றால் முதலில் சுற்றுகிற திசையைப் பாருங்கள்.

மில்லுக்குள் வெள்ளம் வந்து மோட்டார் முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். போட்டுப் பார்க்கிற அந்த ஒரு நொடியில்தான் பிழைக்க வேண்டிய மோட்டார் சாகிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அது ஒருவகையில் நல்லதாயிற்று. யாரும் சுவிட்சைத் தொட முடியவில்லை, கழற்றிக் காய வைக்க நேரம் கிடைத்தது.

செய்ய வேண்டியது: பிரித்து, நல்ல தண்ணீரால் சேறு போகக் கழுவுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் எவ்வளவு காய வைத்தாலும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு 80, 90 டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாகக் காய வைக்க வேண்டும். அடுப்பு இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்குள் வைத்து நூறு வாட் குண்டு பல்பு போட்டுக்கூடச் செய்யலாம், நாள் பிடிக்கும். ஸ்டார்ட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு இன்சுலேஷன் சோதிக்கிற 500 வோல்ட் மெக்கரால் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் தொடவே கூடாது. அதைத் தாண்டி, ஏறி ஏறி ஒரே அளவில் நிற்கிற வரை காய வையுங்கள். பேரிங்கை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கழுவி கிரீஸ் வைத்த பேரிங் ஒரு மாதம் அமைதியாக ஓடிவிட்டு அப்புறம் கத்தும்.

பாய்லர் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை. உடனே பம்பு போடலாமா?

கூடாது. உமி போடுவதை நிறுத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள், தானாக ஆறட்டும். காய்ந்து சிவந்த குழாய்மேல் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். மில் நின்றால் நஷ்டம் ஒரு நாள்தான்.

அந்த நிலைக்கு ஏன் வந்தது என்பதற்குப் பதில் பெரும்பாலும் தண்ணீரிலேயே இருக்கும். கீழ் டெல்டாவில் போர் தண்ணீர் உவர்ப்பு. கேஜ் கண்ணாடிக்குப் போகிற சின்னத் துளையில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் கண்ணாடி காட்டுவது பொய். உள்ளே தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும், அது இதைவிட ஆபத்து. ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் கேஜ் காக்கைத் திறந்து ஊதவிட்டுப் பாருங்கள், தண்ணீர் சட்டென்று திரும்பி ஏற வேண்டும். அடியில் சேர்கிற சேற்றைத் தினமும் புளோடவுன் செய்து தள்ளுங்கள். ஆவி அழுத்தம் போதவில்லை என்று சேஃப்டி வால்வில் எடை தொங்கவிடுகிற பைத்தியக்காரத்தனம் வேண்டாம். வருஷா வருஷம் பாய்லர் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தருவது சடங்கு இல்லை. 1923இலிருந்து இருந்த பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆய்வும் சான்றும் போகவில்லை.

உமி இழுக்கிற ஃபேன் அதிர்கிறது.

முதலில் இறக்கையில் ஒட்டியிருக்கிற தவிட்டைச் சுரண்டுங்கள், பாதி அதிர்வு அதிலேயே போய்விடும். இறக்கை தேய்ந்து ஓட்டையாகியிருந்தால், ஒரு இறக்கையில் மட்டும் தகடு வைத்து வெல்டு அடித்தால் எடை மாறி இன்னும் ஆடும். எதிர் இறக்கையிலும் அதே எடை வைக்க வேண்டும், முடிந்தால் பேலன்ஸ் செய்து வாங்குங்கள். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அத்தனையும் அந்த இறக்கையை உரசிக்கொண்டுதான் போகிறது, தேயாமல் என்ன செய்யும். குழாய் வளைவின் வெளிப்பக்கத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி கனத்த தகடு வைத்துக்கொண்டால் அடிக்கடி ஒட்டுப் போட வேண்டியதில்லை.

ஓடும்போதே சின்ன வேலை பார்க்கலாமா? நிறுத்தினால் எலிவேட்டர் அடைத்துக்கொள்கிறதே?

அடைத்துக்கொள்ளட்டும். நான் தொழில் கற்றுக்கொண்ட மில்லில் ஒருவர் தோளில் துண்டோடு குனிந்து பெல்ட்டைத் தள்ளிவிட்டார். துண்டு போன வேகத்தில் கையும் போனது. நாற்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு. அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

என் வழக்கம் ஒன்று. எந்த மெஷினுக்குள் கை விட வேண்டுமோ அதன் மூன்று ஃப்யூஸ் கேரியரையும் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். போர்டில் தொங்கவிடுகிற அட்டையை யாரும் படிப்பதில்லை. என் பையில் இருக்கிற கேரியரை என்னைக் கேட்காமல் யாரும் எடுக்க முடியாது. வேட்டி, லுங்கி, துண்டு மெஷின் ஹாலுக்குள் வேண்டாம். வெல்டிங் வைக்கிற நாளில் சுற்றிலும் பத்தடிக்கு உமித்தூசியைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பியுங்கள். உமி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், நீங்கள் சாப்பிடப் போன பிறகுதான் பற்றும்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி மாதிரி நெல்லைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். அதற்கென்று ஏதாவது மாற்ற வேண்டுமா?

பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவிலிருந்து இந்தப் பக்கம் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மணி பருமனும் நீளமும் வேறு. சன்ன ரகத்துக்கு வைத்த ரோல் இடைவெளியில் மாப்பிள்ளைச் சம்பாவை விட்டால் உடையும். ரோலைத் தளர்த்தி, ஒரு படி நெல் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டையை ஊற்றுங்கள். சிவப்புத் தவிடோ கருப்புத் தவிடோ வேண்டும் என்றுதான் கொண்டுவருகிறார்கள், பாலிஷரில் காட்டவே வேண்டாம். எலிவேட்டர் அடித்தொட்டியில் தங்குகிற நெல்லைச் சுத்தமாக வாராவிட்டால் ஒருவர் கவுனியில் இன்னொருவர் பொன்னி கலக்கும். வாரியதைத் தராசில் போட்டு உடையவரிடமே கொடுத்துவிடுங்கள், பேச்சு வராது.

இதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற நிஃப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது அதுதான். நெல் பதப்படுத்துவதற்கென்றே வந்த இடம் என்பதால் நம் தொந்தரவு அவர்களுக்குப் புரியும். பேரிங் மாட்ட மட்டும் பட்டறையில்தான் பழக வேண்டும்.

தினமும் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள் என்றால்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். காலையில் லோடு ஏறி அரை மணி ஆனதும் ஒவ்வொரு மோட்டாரின் ஆம்பியரையும் எழுதுங்கள், அவ்வளவுதான். வழக்கமாக 4 காட்டுகிற எலிவேட்டர் 4.3, 4.6, 5 என்று ஏறினால் பெல்ட் ஓரத்தில் உரசுகிறது, இல்லை தலை பேரிங் இறுகுகிறது. சத்தம் வருவதற்குப் பத்து நாள் முன்னால் நோட்டு சொல்லிவிடும்.

ராத்திரியில் உங்களைக் கூப்பிட்டால் என்ன விவரம் சொல்ல வேண்டும்?

மோட்டார் தகட்டில் இருக்கிற எச்பி, ஆம்பியர், வேகம். இப்போது ஓடுகிற ஆம்பியர், மூன்று ஃபேஸிலும். கடைசியாக எதைத் தொட்டீர்கள், யார் தொட்டார்கள். "யாரும் எதையும் தொடவில்லை" என்று சொல்வீர்கள், அதையும் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் என்றால் போனைப் பக்கத்தில் வைத்து அரை நிமிஷம் பதிவு செய்து அனுப்புங்கள். மெஷின் ஹாலில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.